பழி என்னுடையது

ஒபர்ஹாசல் கிராமம்,
9 நவம்பர் 1943

அன்புத் தம்பி எக்கார்டுக்கு,

அக்கா ஹைல்விக் எழுதுவது. பயிற்சிப் பள்ளியில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி இனிமேல் கேட்காதே.

தந்தி கிடைத்திருக்கும். அதில் என் குழந்தை கூடுலா இறந்துவிட்டாள் என்று மட்டும்தான் எழுத முடிந்தது. மீதியை இப்போது எழுதுகிறேன். அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி எனக்கு டிராமில் மாலை வேலை. குழந்தையைக் கீழ்வீட்டு எம்டே அம்மாளிடம் விட்டுவிட்டுப் போனேன். எட்டரை மணிக்குக் குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் பயணிகளை இறக்கி, ரயில் நிலையத்துப் பதுங்கு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது என் கடமை. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது காஸ்ஸெல் என்று ஒரு ஊரே இல்லை.

நம் தெருவுக்குள் நுழைய மூன்று நாள் ஆனது. கற்கள் அவ்வளவு சூடு. நிலவறையில் பதினேழு பேரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். தீ அவர்களைத் தொடவில்லை, காற்று தீர்ந்துபோயிருந்தது. கூடுலா எம்டே அம்மாளின் மடியில் தலை வைத்திருந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், எக்கார்ட். இரண்டு முறை கூப்பிட்டேன்.

உன் அத்தான் ஸ்டாலின்கிராடில் காணாமல் போனபோது நான் யாரையும் சபிக்கவில்லை. அவர் துப்பாக்கியோடு போனவர். இவள் ஆறு வயதுக் குழந்தை.

வீடிழந்தவள் என்று என்னை இந்தக் கிராமத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆடம் ஸ்டூக்ராத் என்ற வயதான விவசாயியின் வீட்டு மாடியறை. அவர் மனைவி காத்ரினா என்னை வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறாள். பசுக்களுக்குப் பால் கறக்கிறேன்.

அம்மா இறந்தபோது உனக்கு எட்டு வயது, எனக்கு இருபது. அன்றிலிருந்து உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன்னை உளவு விமானத்துக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், உயரத்தில் போய்ப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் வேலை என்றும் எழுதியிருந்தாய். படம் பிடித்து யாருக்குக் காட்டப்போகிறாய்? சண்டை விமானம் கேள். குண்டு போட வருகிறவர்களை மேலேயே எரி. ஒருவனாவது கூடுலாவின் பெயரால் கீழே விழ வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்த முறை அதை எழுத மனம் வரவில்லை.

உன் அக்கா
ஹைல்விக்


விமானப் பயிற்சிப் பள்ளி,
5 டிசம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

எக்கார்டின் வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

கோடையில் விடுப்பில் வந்தபோது கூடுலாவுக்குச் சீட்டியடிக்கக் கற்றுக் கொடுத்தேன் அல்லவா? விழுந்த முன்பல்லின் இடைவெளி வழியாகத்தான் அவளுக்குச் சத்தம் வந்தது. பல் முளைத்துவிட்டால் சீட்டி போய்விடுமே என்று அழுதாள். இதைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வர மறுக்கிறது.

நீ கேட்டபடி கேப்டனிடம் போனேன். அவர் முதல் உலகப் போரில் பறந்தவர். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, உனக்குக் கண்ணு நல்லாருக்கு, கையி நிதானமா இருக்கு. நீ எல்லாம் படம் புடிச்சிக்கிட்டு கெழவனாகுற சாதி. சண்டை விமானத்துல போறவன் எத்தன மாசம் தாங்குறான் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். காஸ்ஸெல் என்றேன். அதற்குமேல் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரியிலிருந்து புதிய பள்ளி. நீ கேட்டதைச் செய்வேன், அக்கா. எனக்கும் அதுதான் வேண்டும்.

ஸ்டூக்ராத் தம்பதிக்கு என் வணக்கம். காத்ரினா அம்மாள் கொடுப்பதைச் சாப்பிடு.

அன்புத் தம்பி
எக்கார்ட்


போர்முனை விமானத்தளம்,
30 மே 1944

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. உன் மூன்று கடிதங்களும் கம்பளிக் காலுறையும் வந்து சேர்ந்தன. "இன்னும் ஒன்றுகூட இல்லையா" என்று மூன்றிலும் கேட்டிருக்கிறாய். இப்போது சொல்லலாம்: ஒன்று.

முதலில் இருந்தே சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களை நூற்றுப் பத்து மணி நேரப் பறத்தலோடு இங்கே அனுப்பிவிடுகிறார்கள். பெட்ரோல் இல்லை. எதிரே வருகிறவர்கள் நானூறு மணி நேரம் பறந்தவர்களாம். என் விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் வென்செல், சைலீசியாக்காரர், நாற்பது வயது இருக்கும். முதல் நாள் என்னை வார்ப்பட்டையால் இருக்கையில் கட்டும்போதே, "வண்டிய மட்டும் திருப்பிக் கொண்டாந்துடுங்க தம்பி. உங்களுக்குப் பதிலா நாளைக்கே ஆள் வந்துடும். இதுக்குப் பதில் வராது" என்றார். அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் முறை பறந்தபோது எதிரியைப் பார்க்கவே இல்லை. மேகத்தில் வழி தப்பி வேறொரு தளத்தில் இறங்கினேன். இரண்டாம் முறை அவர்கள்தான் எங்களைப் பார்த்தார்கள். என் அறையில் நான்கு கட்டில்கள். அன்று மாலை இரண்டில் புதிய ஆட்கள் படுத்திருந்தார்கள்.

ஐந்தாம் முறைதான் அது நடந்தது. நான்கு எஞ்சின் குண்டு விமானங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. நேருக்கு நேராகப் பாய வேண்டும் என்பது உத்தரவு. சுடக் கிடைப்பது இரண்டு விநாடி. நான் கண்ணை மூடிக்கொண்டேனோ என்றுகூடச் சந்தேகம். திரும்பிப் பார்த்தபோது அதன் இடது இறக்கை எரிந்துகொண்டிருந்தது. மெதுவாகப் புரண்டு விழுந்தது. அதில் பத்துப் பேர் இருப்பார்கள். எத்தனை பாராசூட் விரிந்தது என்று நான் எண்ணவில்லை.

தளபதி கைகுலுக்கினார். வென்செல் விமானத்தின் வாலில் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டினார். ஊருக்கு வெளியே அது விழுந்த இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பெரிய பள்ளம். வேறு ஒன்றும் இல்லை.

கூடுலாவிடம் சொல்.

எக்கார்ட்


ஒபர்ஹாசல்,
11 ஜூன் 1944

என் செல்லத் தம்பிக்கு,

உன் உடல்நலத்துக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் நலம்தான், நலம் என்று எழுத ஏழு மாதங்களுக்குப் பிறகு இன்றுதான் கை வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். இங்கே கட்சித் தலைவராக இருக்கும் டீட்ஸ் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் எல்லோரையும் கூட்டிவைத்து உன் கடிதத்தை உரக்கப் படித்தார். "நம்ம ஹைல்விக்கோட தம்பி" என்று சொல்லிச் சொல்லிப் படித்தார். காத்ரினா மாவு கடன் வாங்கி எனக்காகக் கேக் சுட்டாள். ஆடம் கிழவர் மட்டும், "பையன் திரும்பி வந்துட்டானா? அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

எக்கார்ட், இது கூடுலாவுக்கு. நிலவறையில் பதினேழு பேர் இருந்தார்கள். அந்தக் கணக்கில் உன் அத்தானும் இருக்கிறார். எனக்கு ஒன்றோடு போதாது. அடுத்ததற்கு எத்தனை பாராசூட் என்று எண்ணிப் பார். விரிந்தவற்றையும் விடாதே.

உன் அக்கா
ஹைல்விக்


போர்முனை விமானத்தளம்,
22 ஜூலை 1944

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தோளில் ஒரு இரும்புத் துண்டு பட்டு மூன்று வாரம் படுத்திருந்தேன், ஆறிவிட்டது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஒன்று விழுந்தது. போன வாரம் மூன்றாவது. எல்லாம் முன்புபோலத்தான் நடந்தது, தனியாக எழுத ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை டீட்ஸிடம் கொடுக்க வேண்டாம்.

வெயில் அதிகம். உனக்கு ஒபர்ஹாசலில் ஆற்றில் குளிக்க நேரம் கிடைக்கிறதா?

எக்கார்ட்


ஒபர்ஹாசல்,
18 ஆகஸ்ட் 1944

அன்புத் தம்பிக்கு,

தோள் ஆறியது அறிந்து மகிழ்ச்சி. கட்டு அவிழ்த்த பிறகும் எண்ணெய் தடவு. மூன்று ஆகிவிட்டது என்று படித்தபோது அழுதேன். இப்போது நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நேற்று முன்தினம் நண்பகலில் அமெரிக்கர்கள் எங்கள் தலைக்குமேல் போனார்கள். ஒரு விமானம் நடுவானில் உடைந்தது. ஒரே ஒரு பாராசூட், சரியாக ஆடத்தின் உருளைக்கிழங்கு வயலில் இறங்கியது. ஊரே ஓடியது. நானும் ஓடினேன். சின்னப் பையன். நெற்றியில் ரத்தம். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

டீட்ஸ் சைக்கிளில் வந்தார். யாரோ போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டார்கள். "போலீசு எதுக்கு? பேப்பர்ல படிச்சீங்கல்ல, ஜனங்க கோபத்துல செய்யிறத யாரும் தடுக்க மாட்டாங்கன்னு? யாரு வீட்டுல சாவு விழுந்துச்சோ அவங்க முன்னால வாங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆடம் மண்வெட்டியோடு அந்தப் பையனுக்கு முன்னால் நின்றுகொண்டார். "கையத் தூக்கிட்டான்ல. முடிஞ்சிபோச்சி. வீட்டுக்குப் போங்க" என்றார். டீட்ஸ் அவரைத் தோளைப் பிடித்து இழுத்தார். நான் கிழவரின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினேன். பையன் மண்டியிட்டிருந்தான். நான் அடித்தேன். ஒரே அடி. அதன்பிறகு மற்றவர்கள் பூட்ஸ் காலால் உதைத்ததெல்லாம் வீண் வேலை. அவன் அதற்கு முன்பே போய்விட்டான்.

நீ மேலே செய்ததை நான் கீழே செய்தேன். கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்திருக்கிறார்கள். ஆடம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

உன் அக்கா
ஹைல்விக்


10 செப்டம்பர் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? உண்மையாகவே கேட்கிறேன். இதை ராணுவத் தபாலில் போடவில்லை. தணிக்கையில் பிரித்தால் என் கதை முடிந்தது. விடுப்பில் போகும் வென்செல் உன் ஊர் வழியாகப் போகிறார், அவர் கையில் கொடுக்கிறேன்.

இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் எழுதினேன். பத்து முறை பறந்திருக்கிறேன். விழுந்தது அந்த ஒன்றுதான்.

அந்த ஒன்றைப் பற்றியும் முழுதாக எழுதவில்லை. பாராசூட்டுகளை எண்ணினேன். நான்கு. மோட்டார் சைக்கிளில் போனபோது பள்ளத்துக்குப் பக்கத்துப் பீட்ரூட் வயலில் அவர்களில் ஒருவன் கால் உடைந்து கிடந்தான். சுற்றிலும் கவைக்கோலோடு இருபது பேர். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். ஒரு பெண் முன்னால் வந்தாள். "எம்புள்ளைங்க மூணு பேரு செத்துட்டாங்கடா. நீ யாரு பக்கம் நிக்கிற?" என்றாள். "நான்தாம்மா இவன வீழ்த்துனேன். இவன் என் கைதி. இவன் மேல யாரும் கைவைக்கக் கூடாது" என்றேன். அவள் என் முகத்தில் துப்பினாள். துடைக்காமல் நின்றேன், கையில் துப்பாக்கி இருந்ததால். லாரி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவன் என் பூட்ஸைப் பிடித்துக்கொண்டே கிடந்தான்.

அந்தப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும். உன்னைப் போலவே முக்காடு கட்டியிருந்தாள். அப்போதே உன்னை நினைத்தேன். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று நினைத்தேன்.

காஸ்ஸெலை எரித்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், அக்கா. உன் வயலில் இறங்கியவன் அமெரிக்கன். அவன் அன்றைக்குக் கடலுக்கு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். வென்செல் ஒரு நாள் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, "வார்சாவுல நாம குண்டு போட்டப்ப நிலவறையில யாரு இருந்தாங்கன்னு நெனக்கிறீங்க தம்பி?" என்று கேட்டார்.

நான் பறப்பதை நிறுத்தப் போவதில்லை. நிறுத்தவும் முடியாது. ஆனால் இனி உன் பெயராலும் குழந்தையின் பெயராலும் யாரையும் சுட மாட்டேன்.

எக்கார்ட்


ஒபர்ஹாசல்,
19 செப்டம்பர் 1944

எக்கார்டுக்கு,

உன் ஆள் கடிதம் கொடுத்தான். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு இங்கிலாந்துக்காரனும் அமெரிக்கனும் ஒன்றுதான். மேலேயிருந்து போடுகிறவனுக்குக் கீழே யார் என்று தெரியாது; எனக்கும் மேலே யார் என்று தெரிய வேண்டியதில்லை.

ஊரே கூடிக் கேட்ட கடிதத்திலும் பொய் எழுதியிருக்கிறாய். ஒருவனை வீழ்த்தி, அவனுக்கே காவல் நின்றாய். உன்னை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் கேட்டது ஒன்றே ஒன்று. நிலவறையில் கிடந்தவள் உனக்கு யாரோ.

அக்கா என்று இனி எழுதாதே. விமானத்தில் ஏறுவதாக இருந்தால் ஒரு முறையாவது ஆண்பிள்ளையாக ஏறு.

ஹைல்விக்


ராணுவ மருத்துவமனை,
14 நவம்பர் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். தகவல் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எழுதுவது நான் அல்ல. என் கைகளில் கட்டுப் போட்டிருப்பதால் கன்னியர் மடத்துச் சகோதரி பெனடிக்டா எழுதுகிறார்.

உயிருக்கு ஆபத்தில்லை. செப்டம்பர் கடைசியில் பதினோராம் முறையாகப் பறந்தேன். உன் கடிதம் அன்று காலைதான் வந்தது. நான்கு மஸ்டாங்குகள், அமெரிக்கச் சண்டை விமானங்கள், பின்னால் வந்தன, நான் விலகவில்லை. எஞ்சின் தீப்பிடித்தது. மேல்மூடி திறக்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன், அது பழுக்கக் காய்ந்திருந்தது. திறந்துகொண்டது. வலது கையில் இரண்டு விரல் இருக்கிறது. இடது கையில் நான்கு. முகம் பரவாயில்லை என்கிறார்கள். கண்ணாடி தர மறுக்கிறார்கள்.

மே மாதம் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிட்டது என் பறத்தல். வென்செல் பார்க்க வந்தார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லையே என்றேன். அவர் ஆப்பிள் ஒன்றை நறுக்கி ஊட்டிவிட்டுப் போனார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எக்கார்ட்

(அம்மணி, இதை அவர் சொல்லாமல் நானே சேர்க்கிறேன். தபால் வரும் நாளெல்லாம் தனக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று அவர் கேட்கிறார். இரண்டு வரி எழுதுங்கள். — சகோதரி பெனடிக்டா)


ஒபர்ஹாசல்,
21 அக்டோபர் 1945

அன்புள்ள எக்கார்டுக்கு,

ஏறத்தாழ ஒரு வருடம். நீ உயிரோடு, அதே மருத்துவமனையில் இருக்கிறாய் என்று செஞ்சிலுவைச் சங்கத்து அட்டை சொன்னது. கை எப்படி இருக்கிறது? கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தால் பதில் எழுதாதே. ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் கடைசிவரை படி.

அமெரிக்கர்கள் வந்து கல்லறைச் சுவருக்கு வெளியே தோண்டினார்கள். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஆடத்தின் மண்வெட்டியை எடுத்துப்போனார்கள். பிடியில் அவர் பெயரெழுத்துகளைச் சூடுபோட்டு வைத்திருக்கிறார். டீட்ஸ் இப்போது கட்சிச் சட்டையை எரித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நிற்கிறார். ஆடம்தான் அடித்தார், தான் தடுத்துப் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். ஊரும் தலையாட்டியது. ஊருக்கு அன்று யார் யார் பூட்ஸ் அங்கே இருந்தது என்று வெளியே வராமல் இருந்தால் சரி.

கிழவரிடம் கேட்டார்களாம். "மண்வெட்டி என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னாராம். என் பெயரைச் சொல்லவில்லை. கொண்டுபோய்விட்டார்கள். இந்தமாதிரி வழக்குகளில் தூக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். காத்ரினா நேற்று மாடிப்படி ஏறி வந்து என் அறை வாசலில் நின்றாள். "நான் ஒன்னும் கேக்க வரல ஹைல்விக். பால் பாத்திரம் எங்க வச்சேன்னு பாக்க வந்தேன்" என்றாள். பால் பாத்திரம் அவள் கையிலேயே இருந்தது.

போன வருடம் ஆகஸ்டில் நான் உனக்கு எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் அதை எரித்துவிடு. நடந்ததைச் சொல்லும் காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆடத்துக்கு எழுபத்தொரு வயது. எனக்கு முப்பத்துநான்கு.

ஹைல்விக்


ராணுவ மருத்துவமனை,
6 நவம்பர் 1945

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இடது கையால் எழுதப் பழகிவிட்டேன், அதனால்தான் எழுத்து கோணல். இங்கேயே தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள்.

எரித்துவிட்டேன் என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்குப் பொய் எழுதிப் பழகியவன்தானே. முடியவில்லை. கடிதம் என்னிடம் இருந்தது. அதை எரிக்கவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அடுப்பு உன் வீட்டிலும் இருக்கிறது.

உன்னைக் காட்டிக்கொடுக்க என்னால் ஆகாது. அம்மா போனபிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் நீ. ஆனால் அந்தக் கிழவர், நான் பீட்ரூட் வயலில் நின்றதைப் போலவே அன்று தன் வயலில் அந்தப் பையனுக்காக நின்றவர். என்னிடம் துப்பாக்கி இருந்தது, அவரிடம் மண்வெட்டி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தூக்கில் தொங்கினால் அதற்குப் பிறகு உனக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

சண்டை விமானம் கேட்டதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், நான்தான் ஏறினேன்.

உன் தம்பி
எக்கார்ட்


விசாரணைச் சிறை,
12 டிசம்பர் 1945

என் அன்புத் தம்பி எக்கார்டுக்கு,

நான் நலம். இங்கே அடுப்பு இருக்கிறது, சூப்பில் சில நாள் இறைச்சியும் இருக்கிறது. உன் எழுத்து கோணலாக இல்லை, நன்றாகத்தான் படிக்க முடிந்தது.

உன் உறையைப் பிரித்து என் கடிதத்தை நானே படித்தேன். எழுதியபிறகு அதை நான் பார்க்கவே இல்லையே. "வயிறாரச் சாப்பிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது வந்தது பயமோ இரக்கமோ அல்ல, கோபம். கூடுலாவுக்காக நான் செய்ததை ஒரு கிழவன் பெயரில் எழுதப்போகிறார்கள். அதற்குச் சாட்சி டீட்ஸ். பழி என்னுடையது. அதை நான் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை.

மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அமெரிக்க அதிகாரி ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர். டீட்ஸ் தன் சாட்சியத்தில் கையெழுத்துப் போட மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கடிதத்தை மேசையில் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனிலும் அவர்கள் மொழியிலும் வரிக்கு வரி படித்தார். சைக்கிளில் வந்து டீட்ஸ் சொன்னதை அவர் படித்தபோது நான் டீட்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்: இரண்டு வருடத்தில் அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு இனித்தது. அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். அங்கே ஒரு சிப்பாய் நின்றிருந்தான்.

"ஏம்மா வந்தீங்க? அந்தப் பெரியவரு உங்க பேரச் சொல்லவே இல்லையே" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"அவரு என் பேரச் சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அதிகாரி ஒரு புகைப்படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். இறந்த பையனின் பெயர் டெல்பர்ட். வயது பத்தொன்பது. ஊரில் பன்றி வளர்க்கும் குடும்பம். ஐந்தாம் முறையாகப் பறந்தானாம். உன்னைவிடவும் குறைவு. செய்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்டார்கள். கூடுலாவை யாராவது திருப்பித் தந்தால் வருந்துகிறேன் என்றேன். அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். ஆனால் புகைப்படத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காது இரண்டும் விடைத்துக்கொண்டு, உன் பள்ளிக்கூடத்துப் படத்தில் நீ இருப்பதுபோல இருந்தான். அதற்குப் பிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆடத்தை விட்டுவிட்டார்கள். காத்ரினா இங்கே ஒரு முறை வந்தாள். ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் எடுத்து வைத்தாள். புறப்படும்போது, "கெழவரு ஒங்கள கேட்டாரு" என்று மட்டும் சொன்னாள். டீட்ஸ் எதிர் வரிசை அறையில் இருக்கிறார். காலையில் நடக்க விடும்போது என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொள்கிறார்.

ஜனவரியில் தீர்ப்பு. பெண்களுக்குத் தூக்கு அரிது என்று வக்கீல் சொல்கிறார். எதுவானாலும் உனக்குத் தகவல் வரும்.

அனுமதி கிடைத்தால் ஒரு முறை வா. உன் கைகளை நான் இன்னும் பார்க்கவில்லை. அவற்றை அந்த விமானத்தில் ஏற்றியவள் நான். நீயே கேட்டாய், நீயே ஏறினாய் என்றெல்லாம் எழுதாதே, எக்கார்ட். அந்தப் பழியும் என்னுடையதுதான். அதை உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஹைல்விக்